அபாயகரமான அறிவு: கொளுத்துவதா? காப்பதா?

ஒரு விஞ்ஞானி யாருக்கும் தெரியாமல் தனி அறையில் உட்கார்ந்து பெரிய விஷயம் ஒன்றைக் கண்டுபிடிக்கின்றான். அதனால் கொலையும் நாசமும் உண்டாகின்றன. கடைசியில், அவன் எழுதி வைத்த காகிதங்களைக் கொளுத்திவிடுவதா அல்லது பத்திரப்படுத்தி வைப்பதா என்கின்ற கேள்வி எழுகின்றது. மேல்நாட்டில் ஏறக்குறைய 200 வருஷ காலமாகப் பெயர் பெற்று விளங்கும் கதைகளிலும் நாடகங்களிலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கின்றது. இவற்றைப் படித்தவர்களில் பலர், கொளுத்தினதே சரியென்றும், மனிதன் அறியக்கூடாததை அறியப் போனதால்தான் இத்தனை கேடும் வந்ததென்றும் சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுகின்றார்கள். வேறு சிலரோ, அறிவை அழிப்பது பெருந்தவறு என்றும், எந்த விதத்திலாவது யாராவது ஒருவர் அதைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லுகின்றார்கள்.

நாம் இந்த இரண்டு கட்சியையும் அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. ஏனெனில், இரு திறத்தாரும் காகிதத்தை மாத்திரம் பார்க்கின்றார்களே ஒழிய, அந்தக் காகிதம் யார் பெட்டியில் இருந்தது, அதைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும், அதனால் லாபம் அடைந்தவர்கள் யார், உயிரை விட்டவர்கள் யார் என்பதைப் பார்ப்பதில்லை. அதைக் கவனித்துப் படித்தால் அந்தக் கதைகளே வேறு பாடம் சொல்லும். ஆகவே, அவைகளில் நான்கை எடுத்துக்கொண்டு யோசித்துப் பார்ப்போம்.

முதலாவது, மேரி ஷெல்லி என்கின்ற ஆங்கிலப் பெண்மணி எழுதி 1818ம் வருஷம் வெளிவந்த "பிராங்கென்ஸ்டைன்". இதை எழுதத் தொடங்கும்போது அவருக்கு வயது 18. விக்டர் பிராங்கென்ஸ்டைன் என்னும் மாணவன் ஜெர்மனியில் ஒரு சர்வகலாசாலையில் படிக்கும்போது, பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒரு உருவத்தை உண்டாக்கி அதற்கு உயிர் கொடுத்துவிடுகின்றான். அது கண் திறந்ததும் அதன் கோர ரூபத்தைக் கண்டு பயந்து ஓடிவிடுகின்றான். பெற்றவன் கைவிட்டான், கண்டவர்கள் எல்லாம் கல்லால் அடித்து விரட்டினார்கள். ஆகவே அந்தப் பிராணி வெறுப்புக் கொண்டு விக்டருடைய சிறு தம்பியைக் கொன்றுவிடுகின்றது. பழி ஜஸ்டின் என்ற வேலைக்காரப் பெண்மேல் விழுகின்றது. கொலை செய்தது யார் என்பது விக்டருக்குத் தெரியும். இருந்தும், தான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கோர்ட்டில் வாயை மூடிக்கொண்டிருக்கின்றான். அந்த ஏழைப் பெண் தூக்கிலிடப்படுகின்றாள்.

பிறகு அந்தப் பிராணி தனக்கு ஒரு துணை வேண்டுமென்று கேட்க, விக்டர் சம்மதித்துப் பாதி வேலை செய்துவிட்டு, யோசித்துப் பார்த்து அதைப் பிய்த்து எறிந்துவிடுகின்றான். அவன் சாகும் தருவாயில் ஒரு கப்பல் தலைவன் அந்த ரகசியத்தைக் கேட்டபோதும் சொல்ல மறுத்துவிடுகின்றான். இதைத்தான் பெரிய தியாகம் என்று புகழுகின்றார்கள். நாம் கேட்கின்றோம்: பிய்த்தெறிந்ததால் யார் பிழைத்தார்கள்? அவனுடைய சிநேகிதன் பிழைத்தானா? மணந்த அன்றே கொலையுண்ட அவனுடைய மனைவிதான் பிழைத்தாளா? ஜஸ்டினைக் கொன்றது விக்டருடைய அறிவா அல்லது விக்டருடைய மௌனமா? அவன் ஆரம்பத்திலேயே தன் ஆசிரியர்களிடத்திலாவது ஊராரிடத்திலாவது, "நான் இப்படி ஒன்று செய்துவிட்டேன், என்ன செய்யலாம் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் அந்தக் கதையில் பாதிப் பிணங்கள் விழுந்திருக்கமாட்டா.

அந்தப் புத்தகத்துக்கு "இக்காலத்துப் பிரமீதியஸ்" என்று இன்னொரு பெயரும் உண்டு. பிரமீதியஸ் என்பவன் கிரேக்கப் புராணத்தில் தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடிக்கொண்டு வந்து மனிதர்களுக்குக் கொடுத்தவன். தேவர்களின் அரசன் அவனைப் பாறையில் கட்டிப்போட்டு, கழுகைவிட்டு ஈரலைக் கொத்தச் செய்தானாம். பைபிளிலும் அறிவு மரத்தின் பழத்தைத் தின்றதற்காகத்தான் ஆதிமனிதனும் அவன் மனைவியும் தோட்டத்தைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். மனிதன் அறிந்தால் ஆபத்து என்கின்ற பேச்சு விஞ்ஞானிகளிடத்திலிருந்து வந்ததல்ல. அது புராணக்காரர்களுடைய பழைய சரக்கு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆனால், பிரமீதியஸ் கொண்டுவந்த நெருப்பை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தான். விக்டரோ தன் நெருப்பைத் தன் மடிக்குள்ளேயே கட்டிவைத்துக் கொண்டான். மடி வெந்ததற்கு நெருப்பைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

இரண்டாவது, எச்.ஜி.வெல்ஸ் எழுதி 1897ல் வெளிவந்த "கண்ணுக்குத் தெரியாத மனிதன்". கிரிபின் என்பவன் தன் உடம்பைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் செய்துகொள்ளும் வித்தையைக் கண்டுபிடிக்கின்றான். தன் பேராசிரியர் பெருமையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயந்து அவரிடம் மறைக்கின்றான். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டித் தகப்பனாரிடமே திருடுகின்றான். அது பிறத்தியார் பணம் ஆனதால் தகப்பனார் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு சாகின்றார். தடயம் தெரியாமல் இருக்கக் குடியிருந்த வீட்டுக்கே தீ வைக்கின்றான். பிறகு தானே அரசன் என்று சொல்லிக்கொண்டு ஊரைப் பயமுறுத்தி ஆளப் பார்க்கின்றான். கடைசியில் தெருவில் மண்வெட்டியோடு நின்ற கூலிக்காரர்களும் மற்றவர்களும் சேர்ந்து அவனை அடித்துக் கொன்றுவிடுகின்றார்கள்.

அவனுடைய மூன்று நோட்டுப் புத்தகங்களின் கதிதான் வேடிக்கை. அவை ஒரு நாடோடியின் கையில் சிக்கி, அந்த நாடோடி ஒரு சாராயக் கடைக்குச் சொந்தக்காரனாகி, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு எழுத்தும் விளங்காமல் அவைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். சில பக்கங்கள் சாக்கடைத் தண்ணீரில் அழிந்துபோய்விட்டன. விஷயம் தெரிந்த டாக்டர் தேடி வந்து கேட்டும் கொடுப்பதில்லை. காப்பாற்ற வேண்டும் என்கின்ற கட்சியார் இந்த இடத்தைச் சற்று யோசிக்க வேண்டும். காகிதம் பத்திரமாய்த்தான் இருக்கின்றது. ஆனால் அதனால் ஒருவருக்காவது உபயோகம் உண்டா? பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்ட அறிவு கொளுத்தப்பட்ட அறிவைவிட எந்த விதத்தில் மேலானது? வைத்திருப்பவனுக்கு ஒரு நாள் புத்தி வந்து அந்த எழுத்து விளங்கிவிட்டால், ஊரார் நிலைமைதான் என்ன?

மூன்றாவது, செக்கோஸ்லோவேகியா தேசத்துக் கரேல் சாப்பெக் எழுதி, 1921ல் பிராக் நகரத்தில் நடிக்கப்பட்ட "ஆர்.யூ.ஆர்." என்னும் நாடகம். இன்று உலகமெல்லாம் வழங்கும் "ரோபோ" என்கின்ற சொல் இந்த நாடகத்தில்தான் பிறந்தது. செக் மொழியில் "ரொபோட்டா" என்றால் குடியானவன் பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்யவேண்டியிருந்த கட்டாய ஊழியம். நம் நாட்டில் வெட்டி வேலை என்றார்களே, அதுதான். ரோசம் என்ற கிழவன் உயிருள்ள பொருளை உண்டாக்கும் வழியைக் கண்டுபிடிக்கின்றான். பின்னால் வந்தவர்கள் அதைக்கொண்டு, சம்பளம் கேட்காத, களைப்பு அறியாத செயற்கை மனிதர்களை லட்சக்கணக்கில் செய்து விற்கும் தொழிற்சாலை ஒன்றை ஒரு தீவில் நடத்துகின்றார்கள். வேலையிழந்த தொழிலாளிகள் கலகம் செய்கின்றார்கள். அந்தக் கலகக்காரர்களுக்கு எதிராக ரோபோக்களின் கையில் துப்பாக்கி கொடுக்கப்படுகின்றது. பிறகு சர்க்கார்கள் அவைகளைச் சிப்பாய்களாகவே வாங்கி யுத்தம் நடத்துகின்றன. கடைசியில் அந்த ரோபோக்களே மனித ஜாதியின்மேல் திரும்பிவிடுகின்றன.

தொழிற்சாலை நிர்வாகியின் மனைவி ஹெலினா நல்ல மனது உள்ளவள். இந்த அக்கிரமத்தைச் சகிக்க முடியாமல், ரோசம் எழுதி வைத்த மூல ஏட்டை ஒருவருக்கும் சொல்லாமல் அடுப்பில் போட்டுக் கொளுத்திவிடுகின்றாள். அதற்குப் பின் ரோபோக்கள் வீட்டைச் சூழ்ந்துகொள்ளுகின்றன. இந்த ஏட்டைக் கொடுத்துவிட்டு உயிர் தப்பலாம் என்று நிர்வாகிகள் பெட்டியைத் திறந்தால் ஏடு இல்லை. எல்லோரும் சாகின்றார்கள். கையால் வேலை செய்பவன் என்பதற்காக அல்க்விஸ்ட் என்கின்ற கட்டட வேலைக்காரன் ஒருவன் மாத்திரம் விடப்படுகின்றான். பிறகு ரோபோக்களே, தங்கள் இனமும் அழிந்துபோகின்றதே என்று அவனிடம் வந்து அந்த ரகசியத்தைக் கேட்டுக் கெஞ்சுகின்றன. அவனுக்கும் தெரியாது.

இங்கே கேடு எங்கிருந்து வந்தது? கிழவன் எழுதின ஏட்டிலிருந்தா அல்லது கூலியில்லாத வேலையை விற்றுக் கொழுத்த கம்பெனியிலிருந்தும் அதை வாங்கித் துப்பாக்கி கொடுத்த சர்க்கார்களிடமிருந்தும் வந்ததா? ஏட்டைக் கொளுத்தினதில் கம்பெனி நின்றதா? யுத்தம் நின்றதா? அதோடு இன்னொரு விஷயமும் இருக்கின்றது. உலகத்து மக்கள் அத்தனை பேருடைய தலைவிதியையும் ஒரு சில நிர்வாகிகள் தனியாய்த் தீர்மானித்தார்கள். அதைத் தடுக்க நினைத்த ஹெலினாவும் தனியாய்த்தான் தீர்மானித்தாள். அவள் எண்ணம் நல்லது. ஆனால் செய்த முறை அவர்களுடைய முறையேதான். கொளுத்துகின்றவனும் பூட்டி வைக்கின்றவனைப் போலவே "இந்த அறிவு என் சொத்து, என் இஷ்டம்" என்று நினைத்துத்தான் கொளுத்துகின்றான்.

நான்காவது, சுவிட்சர்லாந்து தேசத்து டூரன்மாட் எழுதி 1962ல் சூரிச் நகரத்தில் நடிக்கப்பட்ட "பௌதிக சாஸ்திரிகள்" என்னும் நாடகம். மோபியஸ் என்ற மேதாவி, தன் கண்டுபிடிப்பு உலகத்தை அழித்துவிடும் என்று பயந்து, சாலமன் ராஜா தனக்குக் காட்சி கொடுக்கின்றார் என்று பைத்தியக்கார வேஷம் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் புகுந்துவிடுகின்றான். அவனுக்குப் பைத்தியம் இல்லை என்று கண்டுகொண்டு அவனை நேசித்த நர்சையே ரகசியத்துக்காகக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகின்றான். எழுதினதையெல்லாம் கொளுத்தியும் விடுகின்றான். ஆனால், ஆஸ்பத்திரியை நடத்தும் சீமாட்டி, அவனுக்கு மயக்க மருந்து கொடுத்து, அவன் எழுதின ஒவ்வொரு காகிதத்தையும் முன்பே நகல் எடுத்துவிட்டாள். அதைக்கொண்டு பெரிய கம்பெனிகளையும் ஸ்தாபித்துவிட்டாள். சாலமன் ராஜா தனக்கு உண்மையாகவே காட்சி கொடுத்து உத்தரவு இட்டார் என்று நம்புகின்ற உண்மைப் பைத்தியம் அவள்தான். புத்தியுள்ளவன் கொளுத்தினான், பைத்தியத்திடம் நகல் இருந்தது. கொளுத்தினால் தீர்ந்தது என்கின்ற கட்சியாருக்கு இதைவிடத் தெளிவான பதில் நாம் சொல்லத் தேவையில்லை.

நிற்க. இதெல்லாம் கதைதானே, நடந்த காரியம் உண்டா என்று கேட்கலாம். உண்டு. இதே வெல்ஸ் 1914ல் எழுதின ஒரு கதையில், அணுவைப் பிளந்து செய்யும் வெடிகுண்டைப் பற்றி எழுதியிருந்தார். அதை 1932ல் படித்தவர்களில் ஒருவர் ஹங்கேரி தேசத்துப் பௌதிக சாஸ்திரி லியோ ஸிலார்ட். மறுவருஷமே, ஒரு அணு மற்றொன்றை உடைக்க, அது வேறொன்றை உடைக்க, இப்படித் தொடர்ந்து சக்தியை வெளிப்படுத்தலாம் என்கின்ற யோசனை அவருக்கு உதித்தது. அதற்கு 1934ல் பேடண்டு கேட்டு, அது வெளியே தெரியாமல் இருப்பதற்காக 1936ல் பிரிட்டிஷ் கடற்படை இலாகாவினிடம் ஒப்படைத்தார். பூட்டினதால் என்ன ஆயிற்று? 1938 டிசம்பரில் பெர்லினில் ஹான் என்பவரும் ஸ்ட்ராஸ்மன் என்பவரும் செய்த சோதனையில் யுரேனியம் அணு பிளந்தது வெளியாயிற்று. 1939ல் பாரிஸ் விஞ்ஞானிகள், ஸிலார்ட் வேண்டாமென்று கேட்டுக்கொண்டும், தங்கள் முடிவுகளைப் பிரசுரித்துவிட்டார்கள். இயற்கை ஒருவனுக்கு மாத்திரம் காதோடு காதாய் ரகசியம் சொல்வதில்லை. யார் சோதனை செய்து கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்லும்.

அதன் பிறகு அமெரிக்காவில் அந்த வேலை முழுவதும் ரகசியமாகவே நடந்தது. எவ்வளவு ரகசியம் என்றால், உப ஜனாதிபதியாயிருந்த ட்ரூமனுக்கே, ஜனாதிபதியான பிறகு 1945 ஏப்ரலில்தான் முழு விவரமும் சொல்லப்பட்டது. வரி கொடுத்த ஜனங்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? முதலில் ரகசியம் வேண்டுமென்ற அதே ஸிலார்ட், 1945 ஜூலையில், ஜப்பானின்மேல் இதைப் போடுவதற்கு முன் நன்றாய் யோசிக்க வேண்டுமென்று சிக்காகோ விஞ்ஞானிகள் 70 பேருடைய கையெழுத்து வாங்கி ஜனாதிபதிக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். அதுவும் ரகசியக் காகிதம் ஆனதால், ஜனாதிபதியின் கைக்குப் போகாமலே எங்கோ தங்கிவிட்டது. ஆகஸ்டு 6ந் தேதி ஹிரோஷிமாவும், 9ந் தேதி நாகசாகியும் எரிந்தன. இவ்வளவு காவல் காத்த ரகசியம் எத்தனை நாள் நின்றது? 1949 ஆகஸ்டு 29ந் தேதி ரஷ்யாவும் அணுகுண்டை வெடித்துக் காட்டிவிட்டது. ரகசியத்தால் எதிரியைத் தடுக்க முடிந்தது 4 வருஷம். சொந்த ஜனங்கள் வாய் திறவாமல் தடுக்க முடிந்ததோ, எப்பொழுது அவர்கள் பேசியிருக்க வேண்டுமோ அப்பொழுது முழுவதும்!

அப்படியானால் எதையுமே அழிக்கக்கூடாதா என்று கேட்கலாம். அழிக்க வேண்டிய சாமான்கள் இருக்கின்றன. ஆயுதம் வேறு, அறிவு வேறு. ஜெர்மன் ரசாயன சாஸ்திரி ஹேபர், காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். இன்று கோடிக்கணக்கான ஜனங்களின் சோற்றுக்கு உரமாய் இருப்பது அதுதான். வெடி மருந்துக்கு உதவினதும் அதுதான். அதே மனிதர்தான் 1915 ஏப்ரல் 22ந் தேதி பெல்ஜியத்தில் ஈப்ர் என்னும் ஊரருகே குளோரின் விஷப்புகையைச் சிப்பாய்கள்மேல் விடுவதற்கும் முன்நின்றவர். அவருடைய ரசாயனப் புத்தகத்தைக் கொளுத்தியிருந்தால் விஷப்புகையோடு உரமும் போயிருக்கும். உலகம் வேறு வழி செய்தது. 1997ல் அமலுக்கு வந்த ரசாயன ஆயுத ஒப்பந்தத்தின்படி, தேசங்கள் தங்களிடம் உண்டென்று ஒப்புக்கொண்ட 72,000 டன்னுக்கு மேற்பட்ட விஷச் சரக்கு, சர்வதேசப் பரிசோதகர்கள் முன்னிலையில் அழிக்கப்பட்டு, 2023 ஜூலையில் அந்த வேலை முடிந்தது. ரசாயனப் புத்தகம் ஒன்றையாவது கொளுத்தவில்லை. அந்தச் சாஸ்திரம் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் எது விஷம், எது உரம் என்று பரிசோதிக்க முடிந்தது.

பெரியம்மையின் சங்கதியும் இப்படியே. அது அம்மனின் கோபம் என்று சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருந்த வரையில் மனிதர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். கிருமியையும் அம்மைப்பாலையும் பற்றின அறிவு ஊர் ஊராய்ப் போனபிறகு, 1977ல் சோமாலியாவில் கண்டதே இயற்கையாய்ப் பரவிய கடைசி நோயாயிற்று. 1980ல் உலக சுகாதார ஸ்தாபனம் அந்நோய் ஒழிந்தது என்று அறிக்கை செய்தது. இப்பொழுது அந்தக் கிருமி, எல்லோரும் அறிய, அமெரிக்காவில் ஒரு இடத்திலும் ரஷ்யாவில் ஒரு இடத்திலுமாக இரண்டே இடங்களில் வைக்கப்பட்டிருக்கின்றது. அதை அழிப்பதா வைத்திருப்பதா என்கின்ற தர்க்கம் பல வருஷ காலமாய் நடந்துவருகின்றது. சீசாவிலுள்ள கிருமியை அழிக்கலாமென்று தீர்மானித்தால் அழிக்கட்டும். நாம் அதற்காக அழப்போவதில்லை. ஆனால், அந்தக் கிருமியின் அமைப்பு 1990களிலேயே எழுத்து எழுத்தாய் வாசிக்கப்பட்டுப் பிரசுரமாகிவிட்டது. ஆகவே, சீசாவை உடைத்துவிட்டதனாலேயே காவலை எடுத்துவிடலாம் என்று எண்ணுவது ஏமாளித்தனமாகும்.

இதற்குச் சிலர், "கொலை செய்யும் வித்தையைக் கண்டவன் கையிலெல்லாம் கொடுக்கச் சொல்லுகின்றீர்களா?" என்று ஆட்சேபிக்கக்கூடும். இது நியாயமான ஆட்சேபணையே. நஞ்சு காய்ச்சும் பக்குவத்தைச் சந்தையில் தமுக்கடித்துச் சொல்ல வேண்டுமென்பது நம்முடைய கட்சியல்ல. இன்ன இடத்தில் இன்ன அபாயகரமான ஆராய்ச்சி நடக்கின்றது, அதற்கு இன்னார் பொறுப்பு, இன்ன காவல் இருக்கின்றது, இன்ன காரணத்தால் இன்ன விவரம் மறைக்கப்பட்டிருக்கின்றது என்பது ஜனங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நம்முடைய கட்சி. மறைக்க வேண்டியதை மறைக்கட்டும். ஆனால், மறைக்கின்ற அதிகாரத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்லும்படியான நிலைமை இருக்க வேண்டும்.

இது நடக்காத காரியமும் அல்ல. உயிர்களின் வித்துக்குள் இருக்கும் மரபுச் சரக்கை வெட்டி வேறொரு உயிரில் ஒட்டும் வித்தை கண்டுபிடிக்கப்பட்டபோது, அதைச் செய்த விஞ்ஞானிகளே 1974ல், "அபாயம் இருக்கக்கூடும், சற்று நிறுத்துவோம்" என்று பகிரங்கமாய் எழுதினார்கள். மறுவருஷம் பிப்ரவரியில் கலிபோர்னியாவில் அஸிலோமர் என்னுமிடத்தில் கூடி, வக்கீல்களையும் பத்திரிகைக்காரர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தச் சோதனையை எவ்வளவு காவலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று விதி வகுத்தார்கள். ஒருவரும் ஏட்டைக் கொளுத்தவில்லை. ஒருவரும் பெட்டியில் பூட்டவுமில்லை. சில வருஷத்துக்குள் அதே வித்தையால் கிருமியைக்கொண்டு மனித இன்சுலின் செய்து, 1982ல் நீரிழிவுக்காரர்களுக்கு மருந்தாய் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பன்றி, மாடு இவைகளின் கணையத்திலிருந்து எடுக்கவேண்டியிருந்த மருந்து அது. பயந்து 1974லேயே கொளுத்தியிருந்தால் எத்தனை நோயாளிகளுக்கு நஷ்டம்! யோசனையில்லாமல் பணக்காரர் கையில் விட்டிருந்தாலும் என்ன விபரீதமோ! நாலு பேர் கூடிப் பேசினதுதான் அங்கே மருந்து. அந்தக் கூட்டத்திலும் விஞ்ஞானிகளே அதிகம், பொதுஜனங்கள் இல்லை என்கின்ற குறை உண்டு. அந்தக் குறையும் நீங்க வேண்டும் என்பதே நம் ஆசை.

ஆகவே தோழர்களே, இனிமேல் இந்த மாதிரிக் கதையைப் படித்தாலும் சரி, பத்திரிகையில் இந்த மாதிரிச் சமாசாரத்தைக் கண்டாலும் சரி, கொளுத்து என்பவனை, "இதைத் தீர்மானிக்க உன்னை நியமித்தது யார்?" என்று கேளுங்கள். காப்பாற்று என்பவனை, "யார் பெட்டியில், சாவி யாரிடம்?" என்று கேளுங்கள். ஜஸ்டின் என்ற வேலைக்காரியும், கழுத்து நெரிக்கப்பட்ட நர்சும், வேலையிழந்து சுடப்பட்ட தொழிலாளிகளும் இந்த இரண்டு கேள்வியைக் கேட்க ஆள் இல்லாததால் செத்தவர்கள். அவர்களாவது கதையில் வந்தவர்கள். ஹிரோஷிமாவில் செத்தவர்கள் கதையில் வந்தவர்கள் அல்ல. கேள்வி கேட்கவேண்டுமானால் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். விஷயம் தெரியவேண்டுமானால் நாமும் நம் பிள்ளைகளும், ஆண் பெண் அடங்கலும், பௌதிகமும் ரசாயனமும் உயிர் நூலும் கொஞ்சமாவது படித்தே தீரவேண்டும். அது நமக்கு எட்டாது, பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவோமானால், அந்தப் பெரியவர்கள் கொளுத்தினாலும் பூட்டினாலும் நம்மைக் கேட்கப் போவதில்லை.